மதுரையில் நூல்களை மதிப்பிட்ட வழக்கம்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்து, அதன் நடை எத்தகையது, பொருள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறதா, படிப்பவர் உள்ளத்தைத் தொடுகிறதா என்றெல்லாம் ஆராய்ந்து கருத்துச் சொல்லும் வழக்கம் அச்சு இதழ்களோடு மேலைநாட்டிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இதழின் கடைசிப் பக்கங்களில் வரப்பெற்ற நூல்களின் பெயரையும் விலையையும் போட்டு, கீழே சில வரிகளில் மதிப்புரை எழுதும் வடிவம் அவ்வாறு வந்ததுதான். ஆனால் அந்த வடிவத்துக்கு அடியில் இருக்கும் செயல், அதாவது ஒரு படைப்பைப் பலர் முன்னிலையில் வைத்து அதன் குற்றத்தையும் குணத்தையும் எடைபோடும் செயல், மதுரையில் மிகப் பழையது; தன் பெருமையைச் சொல்லும் கதைகளையே அந்தச் செயலைச் சுற்றி அமைத்துக்கொண்ட நகரம் அது. 

அக்கதைகளுள் பரவலாக அறியப்பட்டது தருமியின் கதை. வறிய புலவன் ஒருவனுக்காக இறைவனே பாடல் எழுதிக் கொடுக்க, பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டு என்ற அப்பாடலின் கருத்தை சங்கப் புலவர் நக்கீரர் பொருட்குற்றம் என்று மறுத்து, இறைவன் நெற்றிக் கண்ணைக் காட்டியபோதும் தம் முடிவை மாற்றிக்கொள்ளாமல் நின்றதாகப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. 1965-இல் ஏ. பி. நாகராசன் எடுத்த திரைப்படம் இதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டை மாற்றக்கூடாது என்ற கொள்கையை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் கதை எந்த மொழியிலும் இருப்பது அரிது. எனினும் வரலாற்று நோக்கில் இதைவிட ஆழமான செய்தியைத் தருவது, மக்கள் அவ்வளவாக அறியாத மற்றொரு கதையாகும்.

அந்தக் கதை இறையனார் களவியல் உரையின் தொடக்கத்தில் வருகிறது. இறையனார் களவியல் என்பது காதல் வாழ்வை இலக்கணப்படுத்தும் 60 நூற்பாக்களைக் கொண்ட சிறு நூல்; அதன் உரை இன்றுள்ள வடிவத்தில் ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பாண்டிநாட்டைப் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வாட்டியதாகவும், அது நீங்கியபின் அரசன் அறிஞர்களைத் திரும்ப அழைத்தபோது எழுத்தும் சொல்லும் வல்லவர் கிடைத்தும் பொருளிலக்கணம் வல்லவர் கிடைக்கவில்லை என்றும், ஆலவாய் இறைவன் அக்குறையைத் தீர்க்க 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதித் தந்ததாகவும் அவ்வுரை கூறுகிறது. நூல் கிடைத்துவிட்டது, ஆனால் சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் தத்தம் உரையே சிறந்தது என்றனர். தீர்ப்புச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று அவர்கள் அரசனைக் கேட்க, நாற்பத்தொன்பது பேருக்கும் மேலான ஒருவரை எங்கே தேடுவது என்று அவன் கைவிரித்தான். பின்னர் இறைவன் வாக்காக அறிவிக்கப்பட்ட நடுவர் யார் என்றால், உப்பூரிகுடி கிழாரின் மகனான உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவன் வாய் பேசாதவன்.

வெள்ளாடை உடுத்தி, வெண்பூச் சூட்டி, சந்தனம் பூசி அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்திவிட்டுப் புலவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தம் உரையை வாசித்தனர். சிறுவன் அசையவில்லை. மருதன் இளநாகனார் உரையைப் படித்தபோது சிற்சில இடங்களில் அவனுக்கு மெய்சிலிர்த்துக் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரையைப் படித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வந்தது. அதுவே தீர்ப்பாயிற்று. கற்றறிந்த நாற்பத்தொன்பது பேர் அடங்கிய அவை, இலக்கண விதி எதையும் எடுத்துச் சொல்ல இயலாத ஒரு குழந்தையின் உடல் காட்டிய குறியை ஏற்றுக்கொண்டது என்று ஓர் இலக்கண உரையே எழுதி வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. புலமை உடையவர்களுக்குள் ஒப்பிட்டுத் தீர்க்க முடியாத இடத்தில், கேட்பவரின் நெஞ்சில் நூல் ஏற்படுத்தும் விளைவே கடைசி அளவுகோல் என்பதை அந்த உரையாசிரியர் மரபு ஒப்புக்கொண்டிருக்கிறது. பிற்காலத்தில் பண்டிதர்கள் மறந்துபோன செய்தியும் இதுதான். இந்த உரையை யாழ்ப்பாணத்து சி. வை. தாமோதரம் பிள்ளை 1883-இல் அச்சிட்ட பிறகே அது பலர் கைக்கும் எட்டியது.

கதைகளை விட்டு விதிகளுக்கு வந்தால், நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கண நூல்கள் 'பாயிரம்' என்னும் முன்னுரைப் பகுதியில் வைத்துப் பேசுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வரையறுக்கிறது. வேண்டிய அளவுக்குக் குறைத்துச் சொல்வது, மிகுத்துச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப்பின் முரணுவது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, தொடக்கத்தில் இருந்த வலிமை போகப்போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் முடிவது ஆகியவை அந்தக் குற்றங்களுள் சில. அழகுகளின் பட்டியல் இன்னும் கவனத்துக்குரியது. ஏனென்றால், சுருக்கம், தெளிவு, ஆழம் போன்ற நடை சார்ந்த பண்புகளோடு, படிப்பவருக்கு இனிமையாக இருத்தலும், ஓசை நயமும், பொருளை முறையாக அடுக்கி வைத்தலும் அதே நிலையில் வைத்து எண்ணப்படுகின்றன. நடை வேறு, அமைப்பு வேறு, கவர்ச்சி வேறு என்று பிரித்து, பின்னிரண்டையும் புறத்தோற்றம் என்று ஒதுக்கும் போக்கு நன்னூலில் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுவது வருந்தத்தக்கது. எழுதி முடித்த ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இருபதையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பவருக்கு, இன்றும் இதைவிடப் பயனுள்ள சோதனைக் கருவி கிடைப்பது எளிதன்று.

நூலைப் புகழ்ந்து யார் எழுதலாம் என்பதற்கும் வரையறை இருந்தது. சிறப்புப்பாயிரம் என்பது ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, பொருள், கேட்போர், பயன் முதலானவற்றை அறிவிக்கும் பகுதி; அதை நூலாசிரியர் தாமே எழுதிக்கொள்ளக் கூடாது, அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, தகுதியுள்ள உரைகாரரோதான் எழுத வேண்டும் என்பது மரபு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம் இதற்கு மூத்த சான்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், நான்மறை கற்ற அதங்கோட்டாசான் என்னும் அறிஞர் கேட்க, தொல்காப்பியர் தம் நூலின் முறையை ஐயமற விளக்கிக் காட்டினார் என்று அப்பாயிரம் தெரிவிக்கிறது. ஆசான் தடை எழுப்பினார், ஆசிரியர் அதற்கு விடை சொன்னார் என்று பிற்கால உரையாசிரியர்கள் இதை விரித்துரைத்தார்கள். அவர்களுள் நச்சினார்க்கினியர் மதுரையைச் சேர்ந்தவர். தீர்ப்புக்கு முன் தடையும் விடையும் நடக்க வேண்டும், அப்போது எழுதியவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பதே பாண்டிய நாட்டு மதிப்பீட்டு முறையின் உயிர்நாடி. அதன்பின் நிகழ்ந்த மாற்றங்கள் யாவும், அச்சு வந்தபின் எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவரை ஒருவர் காணாமற்போன வரலாறாகவும், அவர்களை மறுபடி ஓரிடத்தில் சேர்த்து வைக்கச் சிலர் எடுத்த முயற்சிகளாகவும் அமைகின்றன.

ஓலைச்சுவடிக் காலத்தில் அரங்கேற்றம் இந்த முறையைக் காத்து வந்தது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. பாட்டின் அடி எங்கே முடிகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தாணியால் கீறிய கோடுகளில் மை தடவினால்தான் எழுத்தே புலப்படும். எனவே நூலின் அமைப்பும் இனிமையும் ஓலையில் அல்லாமல் குரலிலேயே இருந்தன. வாசித்துக் காட்டாமல் ஒரு நூலை மதிப்பிடுவது இயலாத காரியம். கோயில் மண்டபத்தில் மாணவர் ஒருவர் பாடலைப் படிக்க, ஆசிரியர் பொருள் விரிக்க, கற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்க, புராணமாக இருந்தால் நாள்தோறும் சிறிது சிறிதாக மாதக்கணக்கில் கூட அது நீளும். நிறைவு நாளில் சுவடியைப் பல்லக்கில் வைத்து ஊர்வலம் விடுவதும், ஆசிரியருக்குச் சால்வையும் பொருளும் வழங்குவதும் உண்டு. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) முன்னிலையில் மதுரையில் அரங்கேற்றியபோது, அம்மையே சிறுமியாக வந்து அமர்ந்து கேட்டு முத்துமாலையைப் புலவருக்கு அணிவித்தாள் என்ற கதை இதனோடு சேர்ந்து வழங்குகிறது. உருத்திரசன்மன் கதையைப் போலவே இங்கும் ஒரு குழந்தைதான் கடைசி நடுவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மரபுக்குக் கொடிய முகம் ஒன்றும் இருந்ததாகக் கதைகள் சொல்கின்றன. பிழைபடப் பாடியவர்களின் தலையில் பிள்ளைப் பாண்டியன் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவார் என்று படிக்காசுப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, அத்தகையோர் இல்லாமற்போனதால்தான் போலிப் புலவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அங்கலாய்க்கிறது. இவை நடந்த செய்திகள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் மதிப்பிடுபவரின் அதிகாரம் எல்லை மீறும் என்ற அச்சமும், அத்தகைய அதிகாரம் இல்லையென்றால் மொழி கெடும் என்ற கவலையும் ஒரே பாடலில் ஒன்றாக இருப்பதை அது காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது அவையின் மதிப்பீடு இரண்டாகப் பிளந்தது. புகழ்ச்சி நூலின் முன்பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குச் 'சாற்றுக்கவி' என்று பெயர். நூலையும் ஆசிரியரையும் பாராட்டிப் பிற வித்துவான்கள் எழுதித் தரும் செய்யுள்கள் அவை. ஒரு சிறு பிரபந்தத்துக்குக் கூடப் பத்துப் பதினைந்து பேரின் சாற்றுக்கவிகள் முன்னால் நிற்பதைப் பழைய பதிப்புகளில் காணலாம். பாராட்டியவர் தம் நூலை வெளியிடும்போது பாராட்டப்பெற்றவர் கைம்மாறு செய்வது வழக்கமாகிவிட்டதால், அவற்றை வைத்து நூலின் தரத்தை அறிவது இயலாது. மறுப்போ தனிச் சிறுநூல்களாக வெளியே போயிற்று. அவை 'கண்டனம்' எனப்பட்டன. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று எழுந்த வழக்கு இவற்றுள் பெரியது. 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவைப் பதிப்பித்ததைத் தொடர்ந்து ஆறுமுக நாவலர் எழுதிய மறுப்பும், அதற்கு எதிர்மறுப்புகளும், 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் தமிழுலகை நெடுங்காலம் இரு கட்சியாக்கி வைத்தன. அவையில் நேருக்கு நேர் எழுப்பியிருந்தால் ஒரு நாள் மாலைக்குள் ஓய்ந்திருக்கக்கூடிய தடைகள், அச்சில் ஏறியதும் தலைமுறை கடந்து நீடித்தன.

அதே நாவலர்தான் (1822–1879) தமிழ் அச்சு நூலின் தோற்றத்தையும் மாற்றியவர் என்பதை மறக்கலாகாது. பிழையற்ற மூலம், பாட்டையும் உரையையும் வேறுபடுத்திக் காட்டும் அமைப்பு, நிறுத்தக் குறிகள் ஆகியவற்றால் வாய்விட்டுப் படிக்காமலே கண்ணால் பொருள் உணரத்தக்க பக்கத்தை அவர் உருவாக்கினார். அவருடைய திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்பும் திருக்கோவையார் பதிப்பும் 1860-களின் தொடக்கத்தில் வெளிவரப் பொருளுதவி செய்தவர் இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர். அவர் மகனான பாண்டித்துரைத் தேவர் (1867–1911) பிற்காலத்தில் மதுரையில் தமிழ்ச்சங்கத்தை நிறுவியது தற்செயலன்று. நல்ல பதிப்பு எது, கெட்ட பதிப்பு எது என்ற கேள்வி அந்த வீட்டில் ஏற்கெனவே பேசப்பட்டு வந்த ஒன்று.

1901 செப்டம்பர் 14-இல் தொடங்கிய அந்தச் சங்கம், பழைய மூன்று சங்கங்களின் தொடர்ச்சியாகத் தன்னை நான்காம் சங்கம் என்று எண்ணிக்கொண்டது. மதுரைக்குச் சொற்பொழிவுக்கு வந்த தேவர் கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டபோது ஊரில் உடனே கிடைக்கவில்லை என்றும், அந்த வேதனையே சங்கத்துக்கு வித்திட்டது என்றும் அதன் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். சங்கத்துக்குத் தமிழ்க் கல்லூரியும், பாண்டியன் புத்தகசாலையும், தமிழ்ச்சங்க முத்திராசாலை என்னும் சொந்த அச்சகமும், 1902-இல் தொடங்கிய 'செந்தமிழ்' இதழும் அமைந்தன. ரா. இராகவையங்காரும் அவருக்குப் பின் மு. இராகவையங்காரும் அவ்விதழின் ஆசிரியர்களாக இருந்தார்கள். ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி என்னும் கலைக்களஞ்சியத்தை ஏற்று வெளியிட ஆளின்றிக் கிடந்த நிலையில், 1910-இல் அதை உலகுக்குத் தந்ததும் இச்சங்கமே. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்ற படிநிலைகளில் சங்கம் நடத்திய தேர்வுகள் தமிழாசிரியர் பலரை உருவாக்கின. பழைய அவை நூலைத் தேர்ந்தது. புதிய சங்கம் ஆட்களைத் தேர்ந்தது. இந்த மாற்றத்தால் கல்வி பரவியது. அதே அளவுக்குப் புதிதாக எழுதப்படும் நூலைக் கூடி இருந்து கேட்டு மதிப்பிடும் பணி சங்கத்தின் மையத்திலிருந்து விலகிவிட்டது.

தேவரைப் பற்றி வழங்கும் மற்றொரு செய்தி இங்கே பொருந்துகிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் எதுகை சரியில்லை என்று கருதிய இடங்களிலெல்லாம் திருக்குறளைத் திருத்தி அச்சிட்டதாகவும், அதைக் கண்டு கொதித்த தேவர் அப்படிகளை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கொளுத்திவிட்டதாகவும் அறிஞர் வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன. அவருடைய தமிழ்ப்பற்றில் ஐயம் இல்லை. ஆனால் மதுரையின் பழைய முறைப்படி பார்த்தால், அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதுகை குறைவுபோல் தோன்றும் இடத்தில் வள்ளுவர் எய்தியிருக்கும் நயம் என்ன என்று எழுதிக் காட்டியிருந்தால் அதுவே தமிழ்த் திறனாய்வின் முதல் வரிசையில் வைக்கத்தக்க நூலாக இருந்திருக்கும்; தீயில் போனதால் பின்வந்தவர்கள் ஒப்பிட்டுக் கற்கவும் வழியில்லாமற்போயிற்று.

சங்கம் தோன்றிய காலத்தையொட்டி, மதுரைக்கு அருகே விளாச்சேரியில் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரி (1870–1903) செய்த ஒரு சோதனை மிக நுட்பமானது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த அவர், ஆங்கிலத்தில் 'சானெட்' எனப்படும் பதினான்கடிப் பாவடிவத்தைத் தமிழில் முயன்று, அச்செய்யுள்களை 'ஞானபோதினி' இதழில் வெளியிட்டுவந்தார். பிறகு 'தனிப்பாசுரத் தொகை' என்ற பெயரில் நூலாக்கினார். தம் பெயரில் வெளியிட்டால் பேராசிரியர் என்ற மதிப்பால் புகழ்வார் புகழ்வர், பகைமையால் இகழ்வார் இகழ்வர், நூலின் உண்மைத் தகுதி தெரியாது என்று கருதி, அதில் 'பரிதிமாற் கலைஞன்' என்ற புனைபெயரைப் போட்டார். சாற்றுக்கவிகள் மலிந்த காலத்தில், எழுதியவர் யாரென்று அறியாதவர்களின் கருத்தை நாடிய அந்தச் செயல், நக்கீரர் கதை சொல்லும் கொள்கையை ஆசிரியரே தமக்கு எதிராக நடைமுறைப்படுத்திக்கொண்டதாகும். ஜி. யு. போப் அந்நூலைப் பாராட்டி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முப்பத்து மூன்று வயதில் காலமான சாஸ்திரியை இன்று உலகம் அந்தப் புனைபெயராலேயே அறிகிறது.

பண்டிதர்களின் மதிப்பீடு இவ்வாறு சென்றுகொண்டிருக்க, அவர்கள் ஏறெடுத்தும் பாராத நூல்கள் மீனாட்சி கோயிலுக்குக் கிழக்கே புதுமண்டபத்தில் விற்றுக்கொண்டிருந்தன. திருமலை நாயக்கர் கட்டிய அந்த வசந்த மண்டபத்தின் தூண்களுக்கிடையே பாத்திரக் கடைகளோடும் தையற்காரர்களோடும் புத்தகக் கடைகளும் இருந்தன. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை போன்றவை 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியோடு அங்கே தொங்கின. அப்பெயர் வெறும் விளம்பரமன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர், மாலையில் விளக்கு வெளிச்சத்தில், சுற்றி அமர்ந்திருக்கும் பத்துப் பேருக்கு உரக்க வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றவாறு தடித்த அச்செழுத்து. கதையின் திருப்பங்களில் மரக்கட்டையில் செதுக்கி எடுத்த படம். மலிவான தாள், எளிய விலை. படிப்பவர் யார், எந்த நிலையில் எந்த வெளிச்சத்தில் படிப்பார் என்பதை அந்தப் பதிப்பாளர்கள் அறிந்திருந்த அளவுக்கு அக்காலத்துப் பண்டிதப் பதிப்பாசிரியர்கள் அறிந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அந்த மலிவுப் பதிப்புகளின் முகப்பிலும், பல பிரதிகளைக் கொண்டு தக்க வித்துவான்களால் பரிசோதிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும் என்பது சுவையான செய்தி. பரிசோதனை நடந்ததோ இல்லையோ, நடந்ததாகச் சொல்லாமல் நூலை விற்க முடியாது என்ற அளவுக்கு அவையின் நினைவு மக்களிடம் எஞ்சியிருந்தது.

அதே வாசகரை நோக்கி 1942-இல் மதுரையிலிருந்து சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி வந்தது. குறுகிய வாக்கியம், பேச்சில் வழங்கும் சொல், பெரிய தலைப்பு, படம் என்பவற்றை அவர் திட்டமிட்டே கொண்டுவந்தார். தம் செய்தியாளர்களுக்காக எழுதிய கையேட்டில், மக்கள் பேசும் சொற்களிலேயே எழுத வேண்டும் என்பதை விதியாக வகுத்தார். அந்நடையைக் கற்றவர்கள் தாழ்வாகப் பேசியதுண்டு. ஆனால் தேநீர்க் கடைப் பெஞ்சில் ஒருவர் படிக்க நால்வர் கேட்கும் பழக்கத்தை அது வளர்த்தது என்பதும், படிக்கத் தெரியாதிருந்த பலர் அந்தத் தலைப்புகளைக் கூட்டிப் பார்த்தே எழுத்தறிந்தனர் என்று சொல்லப்படுவதும் நன்னூல் கூறும் இனிமை, தெளிவு என்னும் அழகுகளின் கணக்கில் சேர்க்க வேண்டியவை.

இவ்விரு உலகங்களுக்கும் நடுவே, வரலாற்று நூல்கள் மிகக் குறைவாகவே பேசும் ஒரு வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழகமெங்கும் பரவியிருந்தது. அது கையெழுத்துப் பத்திரிகை. பள்ளி மாணவர்களோ தெருவிளைஞர்களோ கூடி, கதை, கவிதை, கட்டுரை, துணுக்கு ஆகியவற்றை அழகான கையெழுத்துள்ள ஒருவரைக் கொண்டு கோடு போட்ட தாளில் எழுதுவித்து, படம் வரையத் தெரிந்தவரைக் கொண்டு வண்ண அட்டை போட்டுத் தைத்து, ஒரே ஒரு படியாக வெளியிடுவார்கள். அந்த ஒரு படி வீடு வீடாகச் சுற்றும். கடைசியில் சில தாள்கள் எழுதாமல் விடப்பட்டிருக்கும். படித்தவர்கள் அதில் தம் கருத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கதை நன்று ஆனால் முடிவு சட்டென்று வந்துவிட்டது, அட்டைப் படத்தில் முகம் சரியில்லை, எழுத்துப் பிழைகளைக் கவனிக்கவும் என்ற வகையில் வரும் அக்குறிப்புகள், நடையையும் வடிவமைப்பையும் படிப்பவருக்கு உண்டான ஈடுபாட்டையும் ஒரே மூச்சில் மதிப்பிட்டன. எழுதியவர் அடுத்த தெருவில் இருந்ததால் விடையும் உடனே கிடைத்தது. திருவாரூரில் மாணவப் பருவத்தில் மு. கருணாநிதி நடத்திய 'மாணவ நேசன்' இவ்வகையில் பின்னர் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு. ஒரே படியாக இருந்ததாலேயே இவற்றுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அச்சு நூல்களைத் தேடிச் சேர்க்கும் நூலகங்கள் எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பத்திரிகைகளையும், குறிப்பாக அவற்றின் கருத்துப் பக்கங்களையும், சேர்த்துக் காப்பது உடனடியாகச் செய்ய வேண்டிய பணி; சாதாரண வாசகர் எவ்வாறு படித்தார் என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று கிடையாது.

விமரிசனத்துக்கென்றே ஓர் இதழ் வேண்டும் என்ற எண்ணத்தைச் செயலாக்கியவரும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவரே. 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த வத்தலகுண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா (1912–1998) 1959 சனவரியில் சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கி, 1970 வரை சொந்தப் பணத்தைச் செலவிட்டு நடத்தினார். ஒரு கதையை நல்ல கதை என்று சொன்னால் போதாது, எந்தச் சொல், எந்த வாக்கிய அமைப்பு, எந்த நோக்குநிலை அதை நல்ல கதையாக்குகிறது என்று காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைகள் அங்கே இடம்பெற்றதோடு, அவற்றை எப்படிப் படிப்பது என்ற கட்டுரைகளும் அதே பக்கங்களில் வந்தன. ஏற்காதவர்களின் மறுப்புகளுக்கும் இடம் இருந்தது. விமரிசகர் க. நா. சுப்ரமண்யம் சுவை அறிந்தவரின் தேர்வே போதும் என்ற நிலையில் நிற்க, செல்லப்பா காரணம் காட்டாத தேர்வை ஏற்க மறுத்தார். உருத்திரசன்மனின் கண்ணீருக்கும் அதங்கோட்டாசானின் தடைவிடைக்கும் உள்ள வேறுபாடே இவ்விருவரின் வழக்காக மறுபடி எழுந்தது எனலாம். செல்லப்பா புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றதும், அங்கே மாணவர்களோடு நின்று விவாதித்ததும், அவர் வெறும் அச்சிட்ட விமரிசனத்தோடு நிறைவடையவில்லை என்பதைக் காட்டுகின்றன.

மதுரைக்குள்ளேயே, 1970 முதல் வெளிவந்த 'செம்மலர்' இதழைச் சூழ்ந்த எழுத்தாளர்கள் 1975 சூலையில் இந்நகரில் கூடித் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார்கள். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத காலம் அது. ஒருவர் தம் கதையைப் படிக்க, மற்றவர்கள் சுற்றியமர்ந்து அங்கேயே கருத்துச் சொல்லும் கூட்டங்கள் அதன் கிளைகளில் வழக்கமாயின. கொள்கைச் சாய்வு அந்த மதிப்பீடுகளில் இருந்தது உண்மை. ஆயினும் ஆலைத் தொழிலாளியும் அஞ்சல் ஊழியரும் தாம் எழுதியதைப் பிறர் முன் படித்துத் தடைக்கு விடை சொல்லும் இடம் அதற்கு முன் இந்நகரில் அவர்களுக்கு இருந்ததில்லை.

நூலின் தோற்றத்தைப் பொறுத்தவரை, மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பயின்ற கவிஞர் மீரா (1938–2002) சிவகங்கையில் நிறுவிய அன்னம் பதிப்பகத்தின் பணி தனியாகக் குறிக்கத்தக்கது. அப்துல் ரகுமான், இன்குலாப், நா. காமராசன் ஆகியோரும் அதே கல்லூரியின் மாணவர்கள். பெருநகரப் பதிப்பகங்களே கவிதை நூலை இழப்பு என்று ஒதுக்கிய காலத்தில், பல இளங்கவிஞர்களின் முதல் தொகுப்புகளைச் சிறிய வடிவில், சிக்கனமான ஆனால் கண்ணை உறுத்தாத அமைப்பில் அவர் 1980-களில் 'நவகவிதை' வரிசையாக வெளியிட்டார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கும் அன்னம் நல்ல வீடாக அமைந்தது. பக்கத்தில் எவ்வளவு வெள்ளை இடம் விட்டால் கவிதையின் அடி மூச்சுவிடும் என்று அறிந்த பதிப்பாளராக அவர் இருந்ததற்கு அவரே கவிஞராக இருந்தது காரணம். 'அன்னம் விடு தூது' என்ற இதழையும் நடத்திய அவர், தாம் வெளியிட்ட நூல்களோடு பிறர் நூல்களையும் பேசுவதற்கு அதில் இடம் ஒதுக்கினார். எழுதுபவர், அச்சிடுபவர், மதிப்பிடுபவர் என்ற மூன்று வேலைகளையும் ஒரே மேசையில் செய்த அவரிடம் தம் கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்து காத்திருந்த இளைஞர்கள் பலர், அச்சுக்குப் போகும் முன்பே தம் கவிதையில் எந்த வரி வேண்டாதது என்பதை அறிந்துகொண்டு திரும்பினார்கள்.